தேவதைகளின் பங்கும் ஏழை பங்காளனும்

செண்ட்டு விஷயத்துல "டூப்ளிகேட்"ங்கிற வார்த்தையை நம்ம மக்கள் ரொம்ப சுலபமா வீசிடறாங்க. லத்தாஃபாங்கிற துபாய் கம்பெனி 2022-ல் விட்ட 'கம்ரா'வைப் பத்திப் பேச்செடுத்தாலே போதும், "அட, அது கிலியன் காப்பிப்பா"ன்னு உதட்டைப் பிதுக்கறாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லை.

முதல்ல ஒரிஜினல் கதை. கிலியன் ஹென்னஸி, பேர்லயே இருக்கு பாருங்க, பிரான்சின் ஹென்னஸி கோன்யாக் குடும்பத்து வாரிசு. அவரோட பிராண்டில் 2020-ல் வந்தது 'ஏஞ்சல்ஸ் ஷேர்'. ஓக் பீப்பாய்ல கோன்யாக் ஊறும்போது வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாப் போயிடும். அதைத்தான் தேவதைகளின் பங்குன்னு சொல்றாங்க (குடுத்து வச்ச தேவதைகள்!). அந்த வாசனையோட பட்டை, டோங்கா விதை, பிராலின், வனிலா எல்லாம் சேர்த்து அமைச்சவர் பென்வா லாபூசா. அருமையான சரக்கு, சந்தேகமே இல்லை. ஆனா 50 மில்லி இருநூறு டாலருக்கு மேல.

கம்ரா 100 மில்லி, பெரும்பாலும் நாற்பது டாலருக்குள்ள. அடிச்ச உடனே பட்டையும் ஜாதிக்காயும் மூக்கைத் துளைக்கும். கொஞ்ச நேரத்துல பேரீச்சம்பழம் எட்டிப் பார்க்கும். இங்கதான் விஷயமே இருக்கு. பிரெஞ்சுக்காரர் கோன்யாக் வச்ச இடத்துல இவங்க பேரீச்சம்பழத்தை வச்சிருக்காங்க. அடியில வனிலா, டோங்கா, வெள்ளைப்போளம், அப்புறம் பென்சாயின். பென்சாயின்னா ஏதோ கெமிக்கல்னு பயப்படாதீங்க, நம்ம சாம்பிராணிதான் :-) மொத்தத்துல கிலியன்ல கொஞ்சம் காத்தோட்டம் இருக்கும், கம்ரா வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கும். அண்ணன் தம்பின்னு சொல்லலாம், இரட்டைப் பிள்ளைகள்னு சொல்ல முடியாது.

"ஆனாலும் அடுத்தவன் ஐடியாதானே?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. இதே கேள்வி கோர்ட் வரைக்கும் போயிருக்கு. 2006 ஜூன் 13-ம் தேதி பிரான்சின் உச்ச நீதிமன்றம், வாசனை திரவியம் செய்யறது தொழில் நுணுக்கம், அதுக்குக் காப்புரிமை கிடையாதுன்னு சொல்லிடுச்சு. மூணே நாள் கழிச்சு, 16-ம் தேதி, நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் நேர் எதிரா, லான்கோமின் 'ட்ரெசோர்' வாசனைக்குக் காப்புரிமை உண்டுன்னு தீர்ப்பு. செண்ட்டுக்கே பேர் போன நாடு இல்லைங்குது, பக்கத்து வீட்டுக்காரன் உண்டுங்குறான்!

நான் பிரான்ஸ் பக்கம். மிஷின்ல விட்டா ஒரு செண்ட்டுல என்னென்ன இருக்குன்னு பெரும்பாலும் லிஸ்ட் வந்துடும்தான். ஆனா மளிகை லிஸ்ட்டை வச்சு யாரும் சமைச்சிட முடியாது. எவ்வளவு, எதோட எதுன்னு முடிவு பண்றதுக்கு ஒரு மூக்கு வேணும். அந்த மூக்குக்கும் கூலி உண்டு. பாட்டில் மேல கிலியன்னு பொய்ப் பேரை ஒட்டி வித்தா அது திருட்டு, பிளாட்பாரத்துல பாக்கறோமே அது. சொந்தப் பேர்ல, சொந்த விலைக்கு விக்கறவனையும் அந்த லிஸ்ட்டுல சேர்க்கறது அநியாயம். இருநூறு டாலர் கையில இல்லாதவன் நல்லா மணக்கக் கூடாதுன்னு சட்டமா என்ன?

ஒரே ஒரு இடத்துலதான் உறுத்தல். பாட்டில். ஏஞ்சல்ஸ் ஷேர் பாட்டில் பட்டை தீட்டின கோன்யாக் கிளாஸ் மாதிரி இருக்கும். கம்ராவும் அதே ஜாடையில கனமான கண்ணாடி. வாசனையில பேரீச்சம்பழம்னு சொந்தமா யோசிச்சவங்களுக்குப் பாட்டிலுக்கா பஞ்சம்? இதுல மட்டும் அவங்க பக்கம் பேச எனக்கு வாய் வரலை.

அப்புறம், வாங்கறவங்களுக்கு ஒண்ணு. சித்திரை வெயில்ல இதை அடிச்சுக்கிட்டு பஸ்ல ஏறாதீங்க, பக்கத்து சீட்டுக்காரர் பாவம். மார்கழி சாயங்காலம், சட்டை மேல ரெண்டே ஸ்ப்ரே. மூணாவது வேண்டாம்.