மழையை உணர்ந்தால் மட்டும் போதுமா?

மழைத்துளி விழுந்ததும் பக்கக் கண்ணாடிகளையும் கூரைக் கண்ணாடியையும் தாமாகவே மூடிக்கொள்ளும் கார்கள் இன்று வியப்புக்குரியவையல்ல. 1951 இலேயே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 'லெ சேபர்' மாதிரிக் கார், மழைபட்டதும் தன் கூரையைத் தானே மூடியது. துளியை அறியும் உணரியோடு, கூரையை நகர்த்தும் மோட்டாரும் இணைந்திருந்ததே அதன் சிறப்பு. உணரி மட்டும் இருந்திருப்பின் ஆசனங்கள் நனைந்தேயிருக்கும்.

வடகீழ்ப் பருவமழையை எதிர்கொள்ளும் உடப்புசல்லாவை போன்ற மலையகத் தோட்டப் பகுதிகளில் இந்த வேறுபாடு உயிர்களோடு தொடர்புடையது. கடும் மழையின்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கின்றது. ஆனால், லயன் அறைகளை விட்டு வெளியேறும் மக்கள் எங்கே செல்வது? கொஸ்லாந்தை மீரியபெத்தைக்கு 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29 அன்று லயன்கள் மண்ணில் புதைந்தபோதும் மக்கள் அங்கேயே வாழ்ந்து கொண்டிருந்தனர். 2025 நவம்பரில் வீசிய 'டித்வா' சூறாவளியும் மலையகத்தின் இதே அவலத்தையே மீண்டும் எடுத்துக்காட்டியது.

எச்சரிக்கை உணரியென்றால், பாதுகாப்பான காணியும் வீடுமே மோட்டார். அதனைப் பொருத்தும் பொறுப்பை அரசாங்கமும் தோட்ட நிர்வாகங்களும் அடுத்த மழைக்கு முன் நிறைவேற்ற வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம்.