'கல்' என்றால் நேற்றா, நாளையா?

மதரஸாவில் காலைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. எங்களூர் அரசு மருத்துவமனையின் ஊழியர் ஒருவர் மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார். "பாய், டாக்டர் உங்களைக் கையோடு அழைத்து வரச் சொன்னார். வடநாட்டுப் பையன் ஒருவன் வந்திருக்கிறான். அவன் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. உங்களுக்குத்தான் இந்தி தெரியுமே!" என்றார்.

எனக்கு இந்தி தெரியாது; தெரிந்தது உர்து. அதுவும் ஓதுகின்ற காலத்தில் கிதாபுகளின் விரிவுரைகளைப் படிப்பதற்காகக் கற்றுக்கொண்டது. பின்னாளில் அஞ்சல் வழியில் வரலாறு படித்துப் பட்டமும் பெற்றேன். ஊசி, மருந்து, காயம் பற்றிய உரையாடலுக்கு இவ்விரண்டும் எவ்வளவு உதவும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும், 'தெரியாது' என்று சொல்ல மனம் வரவில்லை. கற்றவன் என்று ஊர் நம்பும்போது அந்த நம்பிக்கையைக் கலைப்பது எவருக்கும் எளிதன்று! மூத்த மாணவர் ஒருவரிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த, இருபது வயது மதிக்கத்தக்க இளைஞர் அவர். கெண்டைக்காலில் தெருநாய் கடித்திருந்தது. எங்கே கடித்தது, எப்போது கடித்தது, அந்த நாய் உயிரோடு இருக்கிறதா என்றெல்லாம் டாக்டர் கேட்டார். நான் உர்துவில் கேட்டேன். அவர் தம் ஊர்ப் பேச்சில் பதில் சொன்னார். பாதி புரிந்தது, மீதியை நானே நிரப்பிக்கொண்டேன். "தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள்" என்றார் டாக்டர். அந்த இளைஞர் வேகமாக ஏதோ சொன்னார். அதில் 'கல்' என்ற சொல் என் காதில் தெளிவாக விழுந்தது.

"நேற்றே போட்டுவிட்டாராம்" என்றேன்.

"அப்படியானால் அடுத்த ஊசி மூன்றாம் நாள். நாளை மறுநாள் வரச் சொல்லுங்கள்" என்று கூறிவிட்டு டாக்டர் அடுத்த நோயாளியை அழைத்தார். அவர்மீது குறை சொல்ல எதுவுமில்லை. என் சொல்லை நம்பினார்; அவ்வளவே.

பக்கத்து மேசையில் இருந்த மூத்த செவிலியச் சகோதரிதான் நிமிர்ந்து பார்த்தார். "நேற்று போட்ட சீட்டைக் காட்டச் சொல்லுங்கள் பாய்" என்றார். இளைஞர் சட்டைப் பையிலிருந்து கசங்கிய சீட்டொன்றை எடுத்து நீட்டினார். அதில் பெயர் இருந்தது, வயது இருந்தது. ஊசி போட்டதற்கான பதிவு எதுவுமே இல்லை. நான் நிறுத்தி நிதானமாக மீண்டும் கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. முந்தைய நாள் வேறோர் இடத்திற்குச் சென்றிருக்கிறார். நேரம் முடிந்துவிட்டது, நாளை வா என்று அங்கே அனுப்பிவிட்டார்கள். 'நாளை என்றார்கள்' என்பதைத்தான் 'கல்' என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

உர்துவிலும் இந்தியிலும் 'கல்' என்பது நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். எது என்பதை உடன்வரும் வினைச்சொல்தான் காட்டிக்கொடுக்கும். மதரஸாவில் முதல் ஆண்டு மாணவனுக்கு நானே கற்றுக்கொடுக்கும் பாடம் இது. வெறிநாய்க்கடி நோய் தோன்றிவிட்டால் பிழைப்பவர் அநேகமாக எவருமில்லை. காயத்தை உடனே சோப்பும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவுவதும், முதல் ஊசியைத் தாமதமின்றிப் போடுவதுமே காப்பு. ஒரே ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டதால் அந்தக் காப்பை இரண்டு நாள் தள்ளிப்போட இருந்தேன். அன்று லுஹர் தொழுகையில் என் மனம் ஒருநிலையில் இல்லை.

எங்களூர் மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் என்றொரு பணியிடமே கிடையாது. அன்றைய என் சேவைக்காக அரசுக்கு ஒரு பைசாவும் செலவாகவில்லை. இலவசமாகக் கிடைத்த இந்தச் சேவையின் உண்மையான விலை என்ன என்ற கேள்வி அதன் பிறகு என்னை விடவில்லை. சில நாடுகளில் இதே கேள்வி நாடாளுமன்றம் வரை சென்றிருக்கிறது. மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளருக்கு ஆகும் செலவைப் பொதுப்பணம் ஏற்க வேண்டுமா, நோயாளி ஏற்க வேண்டுமா என்பதே அங்கு வழக்கு.

டென்மார்க்கை எடுத்துக்கொள்வோம். 1980களில் இலங்கையின் போர்ச்சூழலிலிருந்து தப்பிய தமிழர்கள் பலர் அந்நாட்டில் அடைக்கலம் பெற்றனர். (அவர்களுடைய மனைவி மக்களை வரவிடாமல் அந்நாட்டு நீதி அமைச்சர் காலம் கடத்திய விவகாரம் பெரிதாகி, 1993இல் பிரதமரே பதவி விலக நேர்ந்தது. தமிழர் பெயராலேயே அவ்வழக்கு அங்கு வழங்குகிறது.) அந்நாட்டில் மருத்துவம் வரிப்பணத்தில் நடப்பது, மொழிபெயர்ப்பாளரும் அதில் அடக்கம். 2011இல், ஏழாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்கள் மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று விதித்தார்கள். ஆட்சி மாறியதும் அது நீக்கப்பட்டது. பின்னர் 2018 ஜூலை முதல், மூன்றாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்கள் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. உடல், மன இயலாமையால் மொழி கற்க முடியாதவர்களுக்கு விலக்கும் அளித்தார்கள். நெதர்லாந்து அரசோ, தான் அதுவரை கொடுத்துவந்த மொழிபெயர்ப்புச் செலவை 2012 ஜனவரி முதல் தேதியுடன் அறவே நிறுத்திக்கொண்டது.

இவர்கள் கூறும் நியாயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு நாட்டில் வந்து வாழ்பவன் அந்நாட்டு மொழியைக் கற்க வேண்டாமா? கற்காதவனுக்காகக் கற்றவன் ஏன் வரி செலுத்த வேண்டும்? ஆசிரியன் என்ற முறையில் எனக்கும் இக்கேள்வி பிடித்தமானதே. கற்றுக்கொள்ளாமல் இருப்பதற்குச் சாக்குச் சொல்பவர்களை நான் அன்றாடம் பார்க்கிறேன்.

ஆனால் கடைத்தெருவில் காய்கறி வாங்கும் மொழி வேறு, நெஞ்சுவலியை விவரிக்கும் மொழி வேறு. 'பிசைகிறது', 'குத்துகிறது', 'இழுத்துப் பிடிக்கிறது', 'எரிகிறது' என்று வலிக்கு நாம் எத்தனை சொற்கள் வைத்திருக்கிறோம்! மூன்றாண்டுகள் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே அந்நிய மொழியில் இவற்றைப் பிரித்துச் சொல்லக் கற்றவர் எத்தனை பேர்? வேறொன்றும் உண்டு. முதுமையில் மறதி நோய் வந்தவர்கள் பிற்காலத்தில் கற்ற மொழியை முதலில் இழந்துவிட்டுத் தாய்மொழிக்கே திரும்பிவிடுவதுண்டு. முப்பதாண்டுகள் அந்நாட்டு மொழியில் பேசி, உழைத்து, வரியும் செலுத்திய முதியவர், இறுதியில் தமிழில் மட்டுமே தண்ணீர் கேட்பார்.

கட்டணம் விதித்தால் நோயாளி மொழி கற்கப் புறப்படுவார் என்பது கணக்கு. பலர் செய்வது என்ன? பணம் கொடுப்பதற்குப் பதில் வீட்டுப் பிள்ளையை அழைத்துச் செல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அந்நாட்டு மொழியைச் சரளமாகக் கற்றுவிட்ட பன்னிரண்டு வயது மகன், தாயின் அருகில் அமர்ந்து மொழிபெயர்க்கிறான். தாய்க்கோ உதிரப்போக்கு. எந்தத் தாய் மகன் முன்னிலையில் அதை வாய்விட்டுச் சொல்வாள்? 'வயிற்று வலி' என்று சொல்லிவிட்டு வீடு திரும்புவாள். நம் நாட்டிலும் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உர்து மட்டுமே பேசிப் பழகிய மூத்த பெண்மணிகளைப் பேரன்மார் டாக்டரிடம் அழைத்துச் செல்வதுண்டு. எதையெல்லாம் சொல்லாமல் விழுங்குகிறார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். அல்லது, தம் பாட்டிக்குப் புற்றுநோய் என்ற செய்தியை டாக்டர் வாயிலிருந்து வாங்கி அவளிடமே சொல்லும் பொறுப்பு ஒரு சிறுமியின் தலையில் விழுகிறது. அன்று அவளுக்குப் பள்ளிக்கூடமும் போயிற்று. இதுவும் ஒருவகைக் கட்டணமே. எந்த அரசின் வரவுசெலவிலும் இது எழுதப்படுவதில்லை.

மருத்துவச் சந்திப்புகளில் மொழிபெயர்ப்பு எப்படி நடக்கிறது என்பதை அமெரிக்காவில் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் குழந்தைகளுடன் டாக்டரைச் சந்தித்த 13 உரையாடல்களைப் பதிவுசெய்து ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட்டார்கள். மொத்தம் 396 பிழைகள். அதாவது ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 31. அவற்றில் நூற்றுக்கு 63 பிழைகள் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. பணியமர்த்தப்பட்ட மொழிபெயர்ப்பாளர்களும் தவறு செய்யாமலில்லை. அவர்களுடைய பிழைகளில் ஆபத்தானவை நூற்றுக்கு 53, மற்றவர்களுடையவற்றில் 77. என் 'நேற்று' இந்த 77இல் சேரும்.

என் பிழையை ஒரு சீட்டு காப்பாற்றியது. 1980இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஓர் இளைஞனுக்கு அத்தகைய சீட்டு எதுவும் வாய்க்கவில்லை. கியூபாவிலிருந்து குடியேறிய குடும்பம். மகனுக்கு 18 வயது. தலைவலியுடன் மயங்கி விழுந்தவனை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தினர் 'இன்டாக்ஸிகாதோ' என்றார்கள். அவர்களுடைய ஸ்பானிய வழக்கில், சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அதன் பொருள். ஆங்கிலச் செவிகளுக்கோ அது போதை என்று கேட்டது. போதை மருந்து மிகுந்துவிட்டது என்று கருதியே இரண்டு நாட்களுக்கு மேல் சிகிச்சை நடந்தது. உண்மையில் மூளையில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது தெரியவந்தபோது இரு கைகளும் இரு கால்களும் செயலிழந்துவிட்டன. அவருடைய ஆயுட்காலப் பராமரிப்புக்காக ஏற்பட்ட இழப்பீட்டு ஒப்பந்தம், அவர் முழு ஆயுளும் வாழ்ந்தால் ஏறத்தாழ 7 கோடியே 10 லட்சம் டாலர் வரை செல்லும் என்று கணக்கிடப்பட்டது. ஒரே ஒரு சொல்லின் விலை!

மொழிபெயர்ப்பாளரை அமர்த்தினால் எவ்வளவு ஆகும் என்ற கணக்கும் அந்நாட்டில் உண்டு. 2002இல் அந்நாட்டு அரசின் வரவுசெலவு அலுவலகம் காங்கிரஸுக்கு ஓர் அறிக்கை அளித்தது. ஆங்கிலம் அறியாதவர்களுக்கு மருத்துவத்தில் மொழியுதவி அளிக்க ஆண்டுக்கு 26 கோடியே 80 லட்சம் டாலர் ஆகும் என்று அதில் மதிப்பிட்டார்கள். தனியே பார்த்தால் மலைக்க வைக்கும் தொகை. ஒரு மருத்துவச் சந்திப்புக்கு என்று பங்கிட்டால் 4 டாலர் 4 சென்ட். சராசரிச் செலவில் நூற்றுக்கு அரை பங்கு. 2004இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தைப் பற்றி வெளியான ஆய்வில், சேவையைப் பெறும் ஒருவருக்கு ஆண்டுக்கு 279 டாலர் என்று வந்தது. மொழிபெயர்ப்பாளர் கிடைத்தபின் அந்த மக்கள் டாக்டரிடம் முன்னைவிட அதிகம் சென்றார்கள்; எழுதிக்கொடுத்த மருந்துகளை அதிகம் வாங்கினார்கள். ஆகவே செலவு கூடவே செய்தது. மொழிபெயர்ப்பாளரை வைத்தால் உடனே பணம் மிச்சமாகும் என்று வாதிடுபவர்கள் இதையும் பார்க்க வேண்டும். மிச்சமாவதால்தான் செய்ய வேண்டும் என்பது என் கட்சியன்று. ஊமையாக வீட்டில் கிடந்தவர்கள் டாக்டரிடம் வந்ததால் கூடிய செலவு அது.

அந்நாட்டில் 2016இல் வந்த விதி, அவசர நேரம் தவிரப் பிற வேளைகளில் சிறுபிள்ளைகளை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தலாகாது என்று தடுத்தது. மொழியுதவி பற்றிய 2000ஆம் ஆண்டின் அதிபர் ஆணையை 2025 மார்ச்சில் ரத்துசெய்துவிட்டார்கள். எனினும் மருத்துவத்தில் பாகுபாட்டைத் தடுக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ரத்தினால் போய்விடவில்லை. ஆஸ்திரேலியா 1973லேயே தொலைபேசி வழியே மொழிபெயர்க்கும் சேவையை அரசு செலவில் தொடங்கிவிட்டது. டாக்டர் அந்த எண்ணை அழைத்தால் மறுமுனையில் நோயாளியின் மொழி பேசுபவர் வருகிறார். மகனும் வேண்டாம், அண்டை வீட்டாரும் வேண்டாம்.

நம் மார்க்க நூல்களைப் புரட்டியவர்களுக்கு இந்த வழக்கு புதிதன்று. புகாரீயின் தீர்ப்புகள் பற்றிய பகுதியில், ஆட்சியாளருக்கான மொழிபெயர்ப்பாளர் ஒருவர் போதுமா என்ற கேள்வியே ஒரு பாடத்தின் தலைப்பாக அமைந்துள்ளது. சாட்சியைப்போல இருவர் வேண்டும் என்றும், நம்பிக்கைக்குரிய ஒருவர் போதும் என்றும் இமாம்கள் கருத்து வேறுபட்டனர். அந்த பாடத்தை நான் பலமுறை நடத்தியிருக்கிறேன். காஜியின் மன்றத்தில் ஒரு கடன் வழக்குக்கே இத்தனை கவனம் என்று மாணவர்களிடம் வியந்து பேசியும் இருக்கிறேன். மருத்துவமனையில் ஓர் உயிருக்கு நான் ஒருவனே, அதுவும் அரைகுறையாக, போதும் என்று எப்படி எழுந்து போனேன்?

நம் வீட்டுப் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். அங்கே காய்ச்சலில் விழுந்தவர் அரபு டாக்டரிடம் சொல்ல முடியாததை, ஒரு மலையாளச் செவிலியர் தம் வேலைக்கு நடுவே ஓடிவந்து எடுத்துச் சொன்ன கதை நம்மில் எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்! அவர் அந்நேரம் கவனிக்க வேண்டிய வேறு நோயாளி யார் என்று நாம் கேட்டதில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்றே அந்த பீகார் இளைஞருக்கு முதல் ஊசி போடப்பட்டது. மறுநாள் நான் அந்தச் செவிலியச் சகோதரியைச் சந்தித்தேன். இந்தியை முறையாகக் கற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரையும் அழைத்துச் சென்றேன். மூவரும் உட்கார்ந்து, நோயாளியிடம் அடிக்கடி கேட்கும் இருபது கேள்விகளைத் தமிழிலும் இந்தியிலும் எழுதினோம். ஆசிரியர் ஒரு வாரத்தில் நகல் எடுத்துக் கொடுத்தார். மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியிலாவது ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மருத்துவமனைக்கு விண்ணப்பம் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. 'எப்போது' என்ற கேள்விக்கு மட்டும் சொல்லால் பதில் வாங்குவதில்லை என்று அந்தச் சகோதரி முடிவு செய்துவிட்டார். ஜவுளிக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்றை மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறார். 28ஆம் நாள் கடைசி ஊசிக்கு வந்த அந்த இளைஞர், கேட்பதற்கு முன்பே எழுந்து சென்று, முந்தைய மூன்று தேதிகளின்மீதும் வரிசையாக விரல் வைத்துக் காட்டினாராம்.