சின்னையா பிள்ளையின் துப்பு

1943 அக்டோபர். சென்னை மீது ஜப்பான் விமானம் குண்டு போட்ட சமயம். எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். 1954-ல் வெளியிட்ட 'அந்த நாள்' அங்கேதான் தொடங்குகிறது. ரேடியோ இன்ஜினீயர் ராஜன் (சிவாஜி) சுடப்பட்டுக் கிடக்கிறார். வெடிச் சத்தம் கேட்டுப் போலீசுக்கு ஓடும் அண்டை வீட்டுச் சின்னையா பிள்ளை, தகவல் சொன்னதோடு நிற்பதில்லை. குற்றவாளியையும் தீர்மானித்து விடுகிறார். சொத்துக்காகத் தம்பிதான்! சி.ஐ.டி. சிவானந்தம் (வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே) பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார். அப்புறம் ஆளுக்கொரு கதை, ஆளுக்கொரு கொலையாளி. பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. அன்றைய ரசிகர்கள் முகம் சுளித்ததில் வியப்பில்லை.

பிள்ளைக்குச் சொத்துத் தகராறு புரியும். தன் கண்டுபிடிப்பை இங்கே யாரும் மதிக்கவில்லை என்று புழுங்கிய ராஜன், ஜப்பானுக்கு உளவாளியானது எப்படிப் புரியும்? அதைக் கண்டுகொண்டவர் மனைவி உஷா (பண்டரிபாய்). அவரோ தேசபக்தியில் ஊறியவர்.