பூட்டோடு வரும் கதவு

கராடியில் உள்ள நமது கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களுள் தமிழ்க் குடும்பத்தினர் கணிசமானோர். இயான் ஐ.டி. பார்க்கிலும் சுற்றியுள்ள அலுவலகங்களிலும் பணிபுரியும் பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் பெற்றோரும் அவர்களுள் அடங்குவர். அவர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மழைக்கால முற்பகல் ஒன்றில் வந்து, மூன்று லட்ச ரூபாய் நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டார். காரணம் வினவினோம். “ஆன்ட்டிவைரஸ் காலாவதியாயிடுச்சாம் சார். கம்ப்யூட்டர்ல ஆள் புகுந்துட்டானாம். பணத்தைப் பத்திரமான கணக்குக்கு மாத்தித் தர்றேன்னு சொல்றாங்க” என்றார். அவருடைய சட்டைப் பையிலிருந்த கைப்பேசியில் அந்த அழைப்பு அப்போதும் துண்டிக்கப்படாமல் இருந்தது.

வைப்பு தப்பியது. ஆயினும் ‘புதுப்பிப்புக் கட்டணம்’ என்ற பெயரில் முன்பே செலுத்தியிருந்த 4,999 ரூபாய் போய்விட்டது. 1930 என்ற எண்ணில் புகார் பதிவு செய்தபின், அவருடைய மடிக்கணினியை நமது இளம் அலுவலர் ஒருவர் திறந்து பார்த்தார். விண்டோஸ் இயங்குதளத்துடனேயே வரும் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு மென்பொருள், பச்சைக் குறியுடன், எவ்விதக் கட்டணமும் இன்றி இயங்கிக்கொண்டிருந்தது. காவலாளி வாசலில் நிற்க, காவலாளி இல்லையென்று சொல்லி ஒருவன் பணம் பறித்திருக்கிறான். அவருக்கு அந்தக் காவலாளி இருப்பதே தெரியாது.

இந்த நிகழ்வுக்குப் பின்னரே, இயங்குதளத்தோடு பாதுகாப்பு மென்பொருளைச் சேர்த்துத் தருவது முறையா என்ற பழைய வழக்கை நாம் அக்கறையுடன் கவனிக்கலானோம்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இத்துறைக்குள் ஒரே நாளில் நுழைந்துவிடவில்லை. 2003-இல் ருமேனியாவின் ஜீகேட் நிறுவனத்திடமிருந்து வைரஸ் தடுப்பு நுட்பத்தை வாங்கியது. 2006-இல் ஒன்கேர் என்ற பெயரில் ஆண்டுச் சந்தாவுக்கு விற்றுப் பார்த்தது. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 2009-இல் செக்யூரிட்டி எசன்ஷியல்ஸ் என்று இலவசமாக வெளியிட்டது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது முழுமையான வைரஸ் தடுப்பு இயங்குதளத்தின் உள்ளேயே அமர்ந்துவிட்டது. விலைக்கு விற்க இயலாததை இலவசமாகச் சேர்த்துத் தந்து நிலைநாட்டிய வரலாறு இது என்று போட்டியாளர்கள் சொன்னால், அதை முற்றாக மறுப்பதற்கில்லை.

அவர்கள் வாளாவிருக்கவும் இல்லை. 2006-இல் விஸ்டா வெளியாகவிருந்த வேளையில் சைமன்டெக், மெக்காஃபி ஆகியவை ஐரோப்பாவில் குரல் எழுப்பின. 2016-இல் ரஷ்யாவிலும், மறு ஆண்டு ஐரோப்பிய ஆணையத்திடமும் காஸ்பர்ஸ்கி முறையிட்டது. மைக்ரோசாஃப்ட் சில மாற்றங்களுக்கு இசைந்ததும் 2017 ஆகஸ்டில் பின்வாங்கியது. நம் நாட்டில் இதே குற்றச்சாட்டு இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் வந்தது. டிஃபெண்டர் முன்கூட்டியே நிறுவப்பட்டு வருவது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்பது முறையீடு. முதல்நோக்கில் குற்றம் ஏதும் தெரியவில்லை என்று ஆணையம் 2025-இல் அதை முடித்துவைத்தது. பயனர் வேறு மென்பொருளை நிறுவிக்கொள்ளத் தடையில்லை என்பதே அம்முடிவின் சாரம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தன் செயலிகளை மொத்தமாகத் திணித்ததற்காக 2022-இல் கூகுள் மீது 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்த அதே ஆணையம்தான் இது. கைப்பேசித் தயாரிப்பாளர் அந்தச் செயலிகளைத் தொகுப்பாகவே ஏற்கவேண்டியிருந்தது. டிஃபெண்டரோ வேறொரு தடுப்பு மென்பொருளை நிறுவியதும் தானே ஒதுங்கிக்கொள்கிறது. அது நீங்கினால் மீண்டும் வந்து நிற்கிறது.

சேர்த்து விற்பதைப் பற்றிப் பேசும் தகுதி வங்கியாளருக்கு உண்டா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. லாக்கர் வேண்டுமென்றால் வைப்புப் போடுங்கள், கடன் வேண்டுமென்றால் காப்பீடு எடுங்கள் என்ற பேச்சைக் கேளாத வாடிக்கையாளர் அரிது. அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் லாக்கரை வைப்போடு பிணைப்பது தடைசெய்யப்படவேண்டிய நடைமுறை என்று ரிசர்வ் வங்கி 2007-இல் சுற்றறிக்கை விடுக்கவேண்டி வந்ததே நம் தொழில் குற்றமற்றதன்று என்பதற்குச் சான்று. அந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறோம்: கேளாத பொருளுக்கு வாடிக்கையாளரிடம் விலை வாங்குவது வேறு, விற்கும் பொருள் பழுதின்றி இருக்கவேண்டும் என்பதற்காக ஒன்றைச் சேர்த்துத் தருவது வேறு. லாக்கரை வாடகைக்கு விட்டுவிட்டு, பூட்டை வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று எந்த வங்கியும் சொல்வதில்லை.

2017 மே மாதம் வான்னகிரை தாக்கியபோது நூற்றைம்பது நாடுகளில் கணினிகள் முடங்கின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. நிறுவாதவர்களே பெரிதும் அகப்பட்டனர். பாதுகாப்பைத் தேடிப் போய் வாங்கும் பொறுப்பை எளிய பயனரின் தலையில் சுமத்தினால் பெரும்பாலோர் வாங்கமாட்டார்கள். ஆகவே சேர்த்துத் தருவதை நாம் எதிர்க்கவில்லை.

எனினும் ஒரு கவலை உண்டு; அது புணேயிலேயே கண்முன் நிற்கிறது. நமது கிளையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், விமான் நகரில், குவிக் ஹீல் நிறுவனத்தின் தலைமையகம் உள்ளது. 1990-களின் தொடக்கத்தில் இந்நகரில் கால்குலேட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் கைலாஷ் கட்கர். பழுதுக்கு வரும் கணினிகளில் வைரஸ் இருப்பதைக் கண்டு, தம்பி சஞ்சய் எழுதிய நிரலை 1995-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 2016 பிப்ரவரியில் நிறுவனம் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. பக்கத்துக் கடைக்காரர் பெட்டியைக் கையில் கொடுத்து, வீட்டுக்கு வந்து நிறுவியும் தந்ததால் வளர்ந்த வணிகம் அது. இலவசமாக உள்ளேயே இருக்கும் ஒன்றோடு போட்டியிட்டு அத்தகைய நிறுவனம் இன்று புதிதாகத் தோன்ற இயலுமா? ஐயமே.

எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு என்றால், திருடன் ஒரு பூட்டைத் திறக்கக் கற்றால் போதும். ஆயினும் பலருக்குக் கதவின் உட்புறத்தைத் திறந்துவிடுவதும் ஆபத்தற்றதன்று. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்று 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் விமான நிலையங்களில் பயணச்சீட்டைக் கையால் எழுதினர். இந்தியாவில் 10 வங்கிகளும் வங்கிசாரா நிறுவனங்களும் சிறு இடையூறு கண்டதாக ரிசர்வ் வங்கி தெரிவித்தது. நமக்கு அன்று பணி நிற்கவில்லை. அதைத் திறமை என்பதைவிட நற்பேறு என்பதே பொருந்தும்.

வழக்குகளில் அதிகம் பேசப்படாத ஒன்றுதான் ஆசிரியரை வீழ்த்தியது. அவருடைய மடிக்கணினியோடு வேறொரு நிறுவனத்தின் தடுப்பு மென்பொருளும் சில நாள் வெள்ளோட்டமாக வந்திருந்தது. இதுவும் சேர்த்து விற்பதே. ஆனால் இதை எவரும் வழக்காக்கவில்லை. வெள்ளோட்டம் முடிந்தபின் ‘காலாவதியாகிவிட்டது, புதுப்பியுங்கள்’ என்ற அறிவிப்பு வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தது. உண்மையான அறிவிப்புகளுக்குப் பழகிய கண்ணுக்குப் போலி அறிவிப்பும் இயல்பாகவே தோன்றியது. இதில் ஒரு முரண் உண்டு. பயனர் ஒரு முடிவெடுக்கும்வரை காலாவதி அறிவிப்பு திரையை விட்டு அகலாதிருக்கச் செய்வதும் 2017-இல் மைக்ரோசாஃப்ட் போட்டியாளர்களுக்கு இசைந்த மாற்றங்களுள் ஒன்று. போட்டியாளரின் உரிமை காக்கப்பட்டது. திரையின் முன் அமர்ந்திருப்பவரை எவரும் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. மோசடிக்காரன் நிறுவச் சொன்ன தொலைக்கட்டுப்பாட்டுச் செயலி சட்டபூர்வமானது என்பதால், இலவசமானாலும் விலைகொடுத்து வாங்கியதானாலும் எந்தத் தடுப்பு மென்பொருளும் அதை மறித்திருக்காது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேரும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும்வரை அவரையே சாரும் என்பது ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதி. வாதத்தின் வெற்றி தோல்வி எதுவாயினும் 4,999 ரூபாய் ஆசிரியருடையது.

2024 மார்ச்சில் வெளியான மின்னணுப் போட்டிச் சட்டவரைவு, இயங்குதளங்களையும் சேர்த்து விற்பதையும் தன் வரம்புக்குள் கொணர முனைகிறது. அதை இறுதிசெய்வோருக்கு நமது கோரிக்கை சிறியது. புதிய கணினியை முதன்முதலாக இயக்கும்போது, பயனரின் மொழியில், ‘இக்கணினியில் பாதுகாப்பு மென்பொருள் ஏற்கெனவே உள்ளது, அதற்குக் கட்டணம் இல்லை, விரும்பினால் வேறொன்றை வாங்கலாம்’ என்று திரையில் தெரியவேண்டும். வெள்ளோட்டம் முடிந்தால், இனிக் காவல் யார் பொறுப்பில் உள்ளது என்பதை அறிவிப்பின் முதல் வரியே சொல்லவேண்டும்.

ஆசிரியர் மறு மாதம் கிளைக்கு வந்தார். சந்தன் நகர்க் கடையொன்றில் நேரில் சென்று ஒரு தடுப்பு மென்பொருளை ரசீதுடன் வாங்கியிருந்தார். இலவசமே போதுமே ஐயா என்றோம். “இருக்கட்டும் சார். ஏதாவதுன்னா போய்க் கேட்க அங்க ஒரு ஆள் இருக்காரே” என்றார்.