உத்தம சோழருக்கு நேர்ந்த அநீதி



‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரண்டு பாகங்களும் (2022, 2023) வந்தபிறகு, என்னிடம் வரலாறு படிக்க வரும் பிள்ளைகள் உத்தம சோழரைப் பற்றி ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள்: “சதி பண்ணி ராஜாவானவர்தானே சார்?” சுமார் 15 ஆண்டுகள் சோழ நாட்டை ஆண்டவருக்கு இதுதானா மிச்சம்?

மதுராந்தகர் என்ற உத்தம சோழர், கண்டராதித்தரின் மகன். கண்டராதித்தர் இறந்தபோது மகன் சிறுபிள்ளை என்பதால் ஆட்சி தம்பி அரிஞ்சயருக்கும், அவருக்குப் பின் அவர் மகன் சுந்தர சோழருக்கும் போனது. மூத்தவரின் வாரிசு அரியணையைக் கேட்டதில் என்ன குற்றம்? அவர் அதை விரும்பியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடும் மறைக்கவில்லை. சிற்றப்பா விரும்பும்வரை தனக்கு அது வேண்டாம் என்று சுந்தர சோழரின் மகன் அருள்மொழி (பின்னாளின் ராஜராஜர்) ஒதுங்கிக்கொண்டதாக அதே செப்பேடு சொல்கிறது. படத்தில் நாம் பார்ப்பதோ, சிற்றரசர்களோடு இரவில் ரகசியமாகக் கூடும் பதவி ஆசைக்காரரை.

நாவலைத்தானே படமாக்கினோம் என்று பதில் வரும். அதையும் பார்ப்போம். கல்கியின் கதையில் அப்படிச் சதிக்கூட்டத்துக்கு வரும் மதுராந்தகன், கண்டராதித்தரின் அரசி செம்பியன் மாதேவியின் மகனே அல்ல. பூக்கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கும் சாதுவான சேந்தன் அமுதன்தான் உண்மையான மகன், அவன்தான் உத்தம சோழனாக முடிசூடுகிறான். இது வரலாறு அல்ல, கற்பனைதான். ஆனால் நிஜ மன்னரின் பெயருக்குப் பழி வராமல் இருக்க நாவலாசிரியர் எடுத்துக்கொண்ட அக்கறை அதில் இருக்கிறது. படம் அந்தத் திருப்பத்தை அப்படியே வெட்டிவிட்டு, பதவிக்கு அலைந்தவர் தலையிலேயே மகுடத்தை வைத்துவிட்டது. நாவலுக்கும் உண்மையாக இல்லை, கல்வெட்டுக்கும் உண்மையாக இல்லை.

சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலனின் கொலை விஷயத்தில் உத்தமர்மேல் சந்தேகம் எழுப்பியவர் வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. அதைக் காரணங்களோடு மறுத்தவர் தி.வை. சதாசிவ பண்டாரத்தார். காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் உள்ள ராஜராஜன் காலக் கல்வெட்டு, கொலைத் துரோகிகளாக ரவிதாசன், சோமன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்லி, அவர்களுடைய உறவினர் நிலங்கள் பறிமுதலான செய்தியைத் தருகிறது. உத்தம சோழர் பெயர் குற்றவாளியாக அதில் இல்லை. கவனிக்க வேண்டியது இன்னொன்று: இவர்களில் இருவருக்குப் பிரமாதிராஜன் என்ற பட்டம் இருக்கிறது. ஒன்று ‘இருமுடிச்சோழ’ என்றே தொடங்குகிறது. சோழ அரசில் பட்டம் பெற்றவர்கள் ஏன் இளவரசரைக் கொன்றார்கள் என்பது இன்னும் விடை தெரியாத கேள்வி. பாண்டிய மன்னன் வீரபாண்டியனுக்காகப் பழிவாங்கிய கூட்டம் என்று திரையில் காட்டியதும் அந்தக் கேள்வியே மறைந்துபோகிறது.

உத்தமர்மேல் பகை இருந்திருந்தால் ராஜராஜர் தன் மகனுக்கு மதுராந்தகன் என்று பெயர் வைத்திருப்பாரா? ராஜேந்திர சோழனின் இயற்பெயர் அதுதான். உத்தமரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜர் ஆட்சியில் உயர் பொறுப்பில் இருந்தார். செம்பியன் மாதேவியோ ராஜராஜர் காலத்திலும் மதிப்போடு வாழ்ந்தார். செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்கிய அந்தப் பேரரசியை, உத்தம சோழரைப் பெற்றெடுத்தவர் என்று சொல்லித்தான் கல்வெட்டுகள் அடையாளம் காட்டுகின்றன. அந்தத் தாய்க்குப் பெருமையாக இருந்த பிள்ளையை நாம் இப்படியா நினைவில் வைத்துக்கொள்வது?

கற்பனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாவலில் வரும் நந்தினி கற்பனைப் பாத்திரம். அவளால் எந்த நிஜ மனிதரின் பெயரும் கெடவில்லையென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வாழ்ந்து ஆண்ட ஒருவர்மேல் குற்றம் சுமத்தும்போது, அது கற்பனை என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். கண்ணுக்கு எட்டாத எழுத்தில் ஓடி மறையும் பொறுப்புத் துறப்பு போதாது. புகையிலை எச்சரிக்கையைக் குரலோடு சொல்லவைக்க முடிகிற நாட்டில், எந்தெந்தப் பாத்திரமும் நிகழ்வும் கற்பனை என்று படத்தின் தொடக்கத்தில் குரலோடு சொல்லவைப்பது முடியாத காரியமா? தணிக்கை வாரியம் இதைக் கட்டாயமாக்க வேண்டும். மன்னர் கதை எடுப்பவர்கள் கல்வெட்டு அறிஞர் ஒருவரிடம் திரைக்கதையைக் கொடுத்து, அவர் எழுப்பிய மறுப்புகளையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.