ஜீப்புக்கும் அவங்கதான் விலை சொல்லணுமா?

எங்க 2011 தார் ஜீப்பை விக்கிறேன்னு கேள்விப்பட்டு ஒரு புரோக்கர் வந்தார். "15 வருசம் ஆச்சுங்க, இரும்பு விலைதான்"னார்.

ஏனுங்க, 15 வருசத்துல காலாவதியாவது ஆர்.சி.தான், வண்டி இல்லை. அதையும் 5 வருசத்துக்குப் புதுப்பிச்சாச்சு. மாசம் ஒருக்கா சேத்துல ஃபோர்வீல் போட்டு ஓட்டி, முன் கிரவுன் ஆயில் பார்த்து, கிரீஸ் அடிச்சு வச்ச வண்டி. அவர் அடியில குனிஞ்சுகூடப் பார்க்கலை. காஞ்ச தார் ரோட்டுல ஃபோர்வீல் போட்டு வளைச்சுக் காட்டச் சொன்னார்! கியர் பல்லு என்னத்துக்கு ஆகும்?

தக்காளிக்குத்தான் வாங்குறவன் விலை சொல்றான். அது அழுகிப்போகும், வேற வழியில்லை. ஜீப் அழுகாதுங்க. போர்வெல் கடன் இருக்கு, விக்கத்தான் வேணும். ஆனா விலையை நான்தான் சொல்வேன்.