திரும்பி வந்த படங்கள்

எங்கள் கம்பத்தில் பக்கத்து வீட்டுப் பெண் அழகாகப் படம் வரைவாள். கண்காட்சிக்கு அனுப்பிய மூன்றில் இரண்டு திரும்பி வந்துவிட்டன. "இனிமே பிரஷ்ஷையே தொடமாட்டேன் அத்தை" என்கிறாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஓவியர் அம்ரிதா ஷெர்கில் தெரியுமல்லவா? 1935-ல் சிம்லா நுண்கலைச் சங்கம் அவருடைய படங்களில் சிலவற்றைத் திருப்பிவிட்டு, ஒன்றுக்குப் பரிசு அறிவித்தது. 22 வயசுப் பெண், பரிசே வேண்டாமென்று கடிதம் எழுதிவிட்டார்! வரைவதை விட்டாரா? இல்லையே! தென்னாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 1937-ல் நம் பக்கத்து மனிதர்களை வரைந்தார். 1941 டிசம்பரில், லாகூர் கண்காட்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோதே 28 வயதில் காலமானார். இன்று அவர் படங்கள் டில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தின் பொக்கிஷம்.

நம் பெண்கள் படம் அனுப்பும்போது தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை:

* படத்தின் பின்னால் பெயர், தலைப்பு, அளவைப் பென்சிலால் எழுதுங்கள்.
* எந்தத் தேதியில் திருப்பித் தருவார்கள் என்று கடிதத்திலேயே கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.
* சாரல் காலமானால் பிளாஸ்டிக் உறையிட்டு, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே கட்டுங்கள்.

திரும்பி வந்த படத்தைப் பரணில் போட்டுவிடாதீர்கள். கூடத்தில் மாட்டுங்கள். பெண் மறுபடி வரைய உட்காருவாள்.